இன்மையும் விருப்பமும்



ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சில நாட்களுக்குள் நாம் அறிந்துகொள்ளும் சொற்களுள் 'வாண்ட்' என்பதும் ஒன்று. 'விரும்புதல்' என்பதே அதன் பொருள் என மனத்திற் பதித்துக்கொள்கிறோம். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் விருப்பம் அன்று, இன்மை. வட ஐரோப்பிய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்தபோது, 'இல்லாதிருத்தல், குறைபடுதல்' என்பதையே அது குறித்தது. இல்லாதது தேவையாயிற்று, தேவை காலப்போக்கில் விருப்பமாயிற்று.

1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், இருபத்துமூன்றாம் சங்கீதத்திலே இச்சொல் பழைய பொருளிலேயே நிற்கிறது. இறைவன் காக்கும் அடியவனுக்கு ஒரு குறையும் நேராது என்பதே அங்கே கருத்து. அதனை 'ஆசை இராது' என மாணவன் ஒருவன் கொள்வானாயின் பொருள் பிழைத்துவிடும். 1942 இல் பிரித்தானியாவில் வெளிவந்த பெவரிஜ் அறிக்கை, சமூகத்தை வருத்தும் ஐந்து அரக்கர்களுள் ஒன்றை இச்சொல்லாற் குறித்தது. அங்கும் அது வறுமையே, ஆசையன்று.

எமது 'வேண்டும்' என்னும் சொல்லோ இன்னும் விரிந்தது. பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்றால் அது தேவை. எனக்குப் புதுச் சைக்கிள் வேண்டும் என்றால் அது விருப்பம். உண்மை பேச வேண்டும் என்றால் அது கடமை. சந்நிதியில் நின்று வேண்டினால் அது வழிபாடு.

திருவள்ளுவர் அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நல்குரவுக்கும் வேறோர் அதிகாரம் வகுத்தார். ஆசை வேறு, வறுமை வேறு என்பதை அவர் மறந்தாரில்லை. நாமோ மறந்துவிடுகிறோம். அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்க வழியில்லையென்றால், 'உள்ளதைக் கொண்டு திருப்தியடை' என்று உபதேசம் செய்கிறோம். எமது ஆடம்பரத்துக்கோ 'தேவை' என்று பெயர் சூட்டுகிறோம்.

அப்படியாயின் விருப்பம் முழுவதும் தீதா? அன்று. இறைவன் வரங்கேட்கச் சொன்னபோது காரைக்காலம்மையார் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. அழியாத அன்பைக் கேட்டார். பிறப்பற்ற நிலையைக் கேட்டார். பிறக்க நேரின் அவனை நினைந்திருக்கும் நெஞ்சைக் கேட்டார். அவன் ஆடும்போது அடிக்கீழ் இருக்கும் பேற்றையும் கேட்டார். அவர் விருப்பத்தைக் கொன்றவரல்லர், உயர்த்தியவர்.

ஆகவே அன்பர்களே, 'வேண்டும்' என்று வாய் திறக்குமுன், இது இன்மையா, விருப்பமா என்று எம்மை நாமே கேட்போம். பிறருடைய இன்மை எமது கடமையாகட்டும். எமது விருப்பம் வழிபாடாக உயரட்டும்.