சின்ன நாட்டின் ராஜதந்திரமும் நமது கூலி மக்களும்

(கோவையில் தோழர்களிடையே பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்நிய நாட்டுக் கொள்கை என்பதும், நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தூதர்கள் என்பதுமாகும். இதைக் கேட்டவுடனே, “மில்லிலும் பட்டறையிலும் காட்டிலும் பாடுபடுகிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எந்தத் தூதர் எந்த ஊரில் விருந்து சாப்பிட்டால் நமக்கென்ன?” என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. படித்தவர்கள் இந்தப் பேச்சை அப்படியொரு பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே! மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோத்தகிரிக்குப் போய்ப் பாருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். தேயிலை பறிக்கிற ஜனங்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்டால், கண்டி என்பார்கள், நுவரெலியா என்பார்கள், பதுளை என்பார்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். இந்தச் சிறுவாணிச் சாலையில் பூலுவப்பட்டிக்குப் போங்கள், அல்லது சத்தியமங்கலத்தை அடுத்த பவானிசாகருக்குப் போங்கள். அங்கே முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாவரும் அந்நிய நாட்டுக் கொள்கை என்கிற அந்த விருந்தில் அரிபட்டவர்கள். ஆகவேதான் இந்த விஷயம் நம்முடையதாகிறது.

முதலில் தூதர் என்றால் யார் என்று பார்ப்போம். ஒரு வீட்டில் சம்பந்தம் பேச வேண்டுமானால், விவரம் தெரிந்த ஓர் ஆளை அனுப்புகிறோம். அவன் நம் வாயாகப் பேசுகிறான், நம் காதாகக் கேட்டு வருகிறான். தூதரும் அப்படியே. அதற்கு மேல் இன்னொரு வேலையும் உண்டு. அந்நிய தேசத்தில் இருக்கிற தன் நாட்டு மனிதனுக்குப் பிள்ளை பிறந்தால் பதிந்து கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் தொலைந்தால் வேறு கொடுக்க வேண்டும், ஜெயிலில் போட்டால் போய்ப் பார்க்க வேண்டும், செத்தால் உற்றாருக்குச் சொல்ல வேண்டும். இவைகளுக்கெல்லாம் 1961லும் 1963லும் வியன்னா நகரத்தில் உலக நாடுகள் கூடி விதி செய்திருக்கின்றன. விருந்து பெரிய மனிதர்களுக்கு. இந்தப் பதிவும் கடுதாசியும்தான் ஏழைகளுக்கு. ஆதலால் ஏழையின் பங்கு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதே நமது வேலை.

இனி இலங்கையை எடுத்துக்கொள்வோம். சின்ன நாடு. அதன் ஜனத்தொகை நமது தமிழ்நாட்டு ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1948 பிப்ரவரி 4ந் தேதி சுதந்திரம் பெற்றது. 1977 வரை அங்கே பிரதம மந்திரியாக இருப்பவரே அந்நிய நாட்டு இலாகாவையும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஐக்கிய நாடுகள் சபைக்குள் நுழையக்கூட ரஷ்யாவின் தடையால் 1955 வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட நாடு செய்த சாமர்த்தியத்தை நாம் மறைக்கவில்லை. 1952ல் அரிசிக்குத் திண்டாட்டம், ரப்பர் விலையோ படுத்துவிட்டது. அப்போது அமெரிக்காவின் கோபத்தையும் பாராமல் சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்று பண்டமாற்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 1957ல் திருகோணமலையிலும் கட்டுநாயகாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைத்தளங்களை, ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல், திரும்ப வாங்கிக்கொண்டது. 1962ல் இந்தியாவும் சீனாவும் மோதிக்கொண்ட பிறகு, சமாதானம் பேச ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவர் அந்நாட்டுப் பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயகா அம்மையார். 1976ல் அணிசேரா நாடுகளின் மகாநாடே கொழும்பில் நடந்தது. பெரிய படை இல்லாதவன் புத்தியைக் கொண்டும் பேச்சைக் கொண்டும்தான் பிழைக்க வேண்டும். சின்ன நாட்டுக்கு ராஜதந்திரமே வேலி. இதில் குற்றம் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வேலிக்குள் யார் இருந்தார்கள்? யாரை வெளியே தள்ளினார்கள்? இதுதான் நமது கேள்வி.

அந்த நாட்டின் செல்வமெல்லாம் அநேகமாகத் தேயிலையிலும் ரப்பரிலும் தேங்காயிலும் வந்தது. தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கியவர்கள் யார்? வெள்ளைக்காரன் காலத்தில் பழைய திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களிலிருந்தும் மற்றும் பல ஜில்லாக்களிலிருந்தும் கங்காணி கூட்டிக்கொண்டு போன நம் மக்கள். பஞ்சத்துக்கும், பண்ணையாரின் கொடுமைக்கும், ஜாதிக் கொடுமைக்கும் தப்பி ஓடியவர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். மூன்று தலைமுறை, நாலு தலைமுறை அந்த மலையிலேயே பிறந்து அந்த மண்ணுக்கே உரமானவர்கள்.

சுதந்திரம் வந்த அதே 1948ம் வருஷத்தில், 18ம் நெம்பர் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. அப்பன் அந்நாட்டில் பிறந்தான் என்றோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்றோ கடுதாசி காட்டு என்றார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த கூலிக்கு ஏதையா கடுதாசி? மறுவருஷமே ஓட்டும் பறிபோயிற்று. 1949ல் இன்னொரு சட்டம் செய்து, வேண்டியவர்கள் மனுப் போடலாம் என்றார்கள். சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. உரிமை கிடைத்ததோ சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. மீதிப்பேர் எந்த நாட்டுக்கும் பிரஜையல்லாமல் போனார்கள். கொழும்பு சர்க்கார் இவர்கள் இந்தியர் என்றது. டில்லி சர்க்கார், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்நாட்டுக்கே பாத்தியப்பட்டவர்கள் என்றது. 1954ல் நேருவும் கொத்தலாவலையும் கூடிக் கையெழுத்துப் போட்டும் காரியம் தீரவில்லை.

நேரு 1964 மே மாதம் இறந்தார். அந்த வருஷம் அக்டோபர் 30ந் தேதி டில்லியில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்த உருப்படி 9 லட்சத்து 75 ஆயிரம். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974ல் இந்திரா காந்தியும் அதே அம்மையாரும் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள்.

தோழர்களே! நம்முடைய கண்ணபுரம் மாட்டுச் சந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரகன் மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவான். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மாடாவது பிடிக்காவிட்டால் ஓர் உதை விடும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இந்த ஒன்பதே முக்கால் லட்சம் ஜனங்களுக்கு அதற்குக்கூட வழியில்லை. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் முதலானவர்கள் எதிர்த்துச் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது பின்னாலே தெரிந்துபோயிற்று. மனுப் போடச் சொன்ன காலத்தில் இந்தியப் பிரஜை ஆகிறேன் என்று வந்தவர்கள் ஒப்பந்தக் கணக்குக்குக் குறைவு. இலங்கைப் பிரஜை ஆகிறேன் என்று வந்தவர்கள் ஒப்பந்தக் கணக்குக்கு மிகவும் அதிகம். மனிதன் தன் வீடு எது என்று சொன்னான். கணக்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இதைச் சிங்களவர் செய்த அநியாயம் என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்வது யோக்கியமாகாது. இரண்டு கை சேர்ந்துதானே துண்டுக்குள் விரல் பிடித்தது? சின்ன நாட்டுக்கு ஆள் குறைய வேண்டும், பெரிய நாட்டுக்கு அக்கம்பக்கத்தில் சிநேகம் வேண்டும். இரண்டுக்கும் விலையாகக் கூலிக்காரன் போனான். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து லட்சம் பேரை இப்படி எண்ணிக் கொடுக்க எந்த மந்திரியாவது துணிவாரா என்று கேட்கின்றோம்.

வந்தவர்கள் கதை என்ன? கண்டியில் இருந்த இந்திய உதவி ஹைகமிஷன் கச்சேரியில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் படுத்தார்கள். 1984ல் யுத்தத்தால் கப்பல் நிற்கும் வரையில் இது நடந்தது. இப்படி நாலு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகவே 1968ல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதுதான் இன்று டான்டீ என்பது. 1969ல் ரெப்கோ பாங்கி ஏற்பட்டது. சிலருக்கு நூல் மில்லில் வேலை, சிலருக்கு நிலம், பலருக்கு வியாபாரக் கடன். ஆயுள் முழுதும் கொழுந்து கிள்ளியவனிடம் கொஞ்சம் பணத்தைக் கொடுத்துக் கடை வை என்றால் அவன் என்ன செய்வான்? கடன் கரைந்தது, ஆள் மறுபடியும் மலை ஏறினான். தாயகம் என்றார்கள். அந்தத் தாயகம் அவனை “சிலோன்காரன்” என்று கூப்பிட்டது. அங்கே “இந்தியக் கூலி”, இங்கே “சிலோன்காரன்”. இதைச் சொன்னவர்களில் நாமும் உண்டா இல்லையா என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள்.

1983ல் நடந்த கொலைபாதகங்களுக்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் வேறு ஒரு கூட்டம். இவர்களையும் முன்சொன்னவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் இந்தியப் பிரஜைகள். ஓடிவந்தவர்கள் அகதிகள். இந்த அகதிகளிலும் மலைநாட்டுக் குடும்பங்கள் பல உண்டு. தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2021ல் முகாம்களுக்கு “மறுவாழ்வு முகாம்” என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதே. ஆனால் உரிமை மாறவில்லையே! 2019ல் டில்லியில் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டாரைச் சொல்லிற்று. இலங்கையைச் சொல்லவில்லை.

இலங்கை சர்க்கார் பிற்காலத்தில் கொஞ்சம் திருந்திற்று என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2003ல் 35ம் நெம்பர் சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே குடியிருக்கும் இந்திய வம்சாவளியாருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜா உரிமை கொடுத்தது. 2009ல் அதைத் திருத்தி, கலகத்தால் இந்தியாவுக்கு வந்து முகாமில் இருப்பவர்களுக்கும் வழி வைத்தது. ஆகவே சட்டத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. வாசல் வரை போகத்தான் ஆள் இல்லை.

நாம் செய்யவேண்டியது என்ன? ராஜதந்திரம் பேசுவது அல்ல, கடுதாசி எழுதுவது. முகாமில் பிறக்கிற பிள்ளையின் பிறப்பை ஊர்க் கச்சேரியில் பதிந்தால் மட்டும் போதாது. சென்னையில் இருக்கிற இலங்கைத் துணை ஹைகமிஷனிலும் பதிய வேண்டும். ஒரு வருஷத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தவறினால் தக்க காரணம் காட்டிக் கேட்க வேண்டும். அப்படிப் பதியாவிட்டால், அந்தப் பிள்ளை பாட்டனைப் போலவே எந்த நாட்டுக்கும் இல்லாததாகிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போய், நாலு மனு எழுதிக் கொடுத்தால் அது நூறு கூட்டத்துக்குச் சமானம்.

இன்னொன்று. 1987 ஜூலை 1ந் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவராயிருந்தாலும், இந்தியப் பிரஜையே என்பது இந்தியச் சட்டம். இதற்கு விலக்கு முக்கியமாக அந்நிய நாட்டுத் தூதரின் பிள்ளைக்குத்தான். அதாவது பட்டுமெத்தையில் பிறந்த தூதரின் பிள்ளைக்கு இல்லாத பாத்தியதை, முகாம் தரையில் பிறந்த அகதியின் பிள்ளைக்கு உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. “நீ போய்விடு” என்றோ, “நீ இங்கேயே இரு” என்றோ அவர்களுக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள். 1964ல் செய்த தப்பே அதுதான். போகிறவன் போகட்டும், இருக்கிறவன் இருக்கட்டும். அவனவனைக் கேட்டு, அவனவன் சொல்வதை எழுதுங்கள். உன் நாடு எது என்று தானே சொல்லும் உரிமைதான் மனிதனுக்கு முதல் மானம்.

2022ல் அதே இலங்கை கடனில் மூழ்கி, பெட்ரோலுக்கும் பால் மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் போயின. அதுவும் ஓர் அந்நிய நாட்டுக் கொள்கைதான். வயிற்றைப் பார்த்துச் செய்த கொள்கை. அந்தக் கண்ணோடு பவானிசாகரையும் பூலுவப்பட்டியையும் பார்க்க வேண்டும் என்பதே நமது விண்ணப்பம்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள், அவர்களையே கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.