முழங்காலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

(பரவையில் டிரஸ்ட் சார்பில் நடைபெற்ற மூத்தோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)





நமது பள்ளியில் நாற்காலி போட்டுத் தொழுவோர் எண்ணிக்கை கூடிவருவதை எல்லோரும் பார்க்கிறோம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது வயதுக்குள்ளேயே ஸஜ்தாவுக்குக் குனிய முடியாத நிலை ஏன் வருகிறது என்று நாம் யோசிக்க வேண்டும்.

'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான். அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். தண்ணீர் நிறைந்த அந்தத் திசுவுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத நார்.

கொலாஜன் நமக்குப் புதிதல்ல. குர்பானித் தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்களில் தோலைப் பதனிடுவது என்றால், அந்த நார்களை அழுகாதபடி ஒன்றோடொன்று பிணைப்பதுதான். அந்த நாரின் வடிவத்தைக் கண்டறிந்ததும் நம் தமிழ்நாட்டில்தான். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்று வெளியிட்டார்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கயிறுகள் முழங்காலில் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வியப்பானது. எலும்பை ஒட்டிய அடிப்பகுதியில் தூண்களைப் போல நேராக நிற்கின்றன. மேலே வர வர வளைகின்றன. மேற்பரப்பில் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கின்றன. நமது திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களும் வளைவுகளும் நினைவுக்கு வரும். ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் பென்னிங்ஹாஃப் 1925-லேயே இப்படி ஒரு வளைவு அமைப்பை விவரித்திருக்கிறார். மேல்பாய் உராய்வைத் தாங்குகிறது. தூண்கள் எலும்போடு இறுக்கிப் பிடிக்கின்றன.

இதில் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. இரத்த ஓட்டம் இல்லாததால், கிழிந்த நார் பழையபடி வளர்வதும் அரிது. வலி வரும்போது தேய்மானம் பலநாள் பழையதாகியிருக்கும்.

ஆட்டுக்கால் பாயா குடித்தால் ஜவ்வு வளரும் என்று வீடுகளில் சொல்வார்கள். கொதிக்கும்போதே முப்புரி அவிழ்ந்துவிடுகிறது. மிச்சத்தை வயிறு துண்டு துண்டாக்கிவிடுகிறது. பாயா நல்ல உணவு, ஆனால் அது நேராக முழங்காலில் போய் ஒட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? உடல் எடையைக் குறைப்பது முதலாவது. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. இரண்டாவது, முடங்கிவிடாமல் இருப்பது. மூட்டை மடக்கி நீட்டும்போதுதான் பஞ்சைப் பிழிந்து விட்டதுபோல் மூட்டு நீர் உள்ளே போய் ஜவ்வுக்கு உணவூட்டுகிறது. தொடைத் தசைக்கு டாக்டர் சொல்லும் பயிற்சியை விடாதீர்கள். மூன்றாவது, படிக்காத வைத்தியரிடம் பெயர் தெரியாத ஊசியும் பொடியும் வாங்காதீர்கள்.

சந்தையில் மூட்டை தூக்கும் சகோதரர்களும், தரையில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் தாய்மார்களும் வலியை மறைத்துக் காலம் கடத்துகிறார்கள். பிள்ளைகளே, அத்தா படியேறக் கைப்பிடியைத் தேடினால், அம்மா தரையிலிருந்து எழத் தடுமாறினால், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ராஜாஜி அரசு மருத்துவமனை மதுரையில்தான் இருக்கிறது. அழைத்துப்போக ஆளில்லாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் துணைக்கு வருகிறோம்.