படுக்கையில் இருப்பவருக்குத் தோல் மருத்துவரின் ஆலோசனை

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்தவருக்கு நான்கைந்து நாளில் உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. சிற்றூர் மருத்துவமனையில் தோல் மருத்துவர் இல்லை. டிரிப்ஸ் ஏறும் நோயாளியை வேனில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோவதும் எளிதல்ல. இதற்கு வழி இருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரே தோலைப் படம் எடுத்து, கொடுத்துவரும் மருந்துகளின் விவரத்தோடு தோல் மருத்துவருக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதற்கு இடம் தருகின்றன. அரசின் இ-சஞ்சீவனி சேவையிலும் மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசிக்கும் ஏற்பாடு உண்டு.

இதனால் என்ன பயன்? கால் சிவந்து வீங்கினால் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் ஏற்றுவது வழக்கம். இரண்டு காலிலும் ஒன்றுபோல வந்தால், அது பெரும்பாலும் ரத்த ஓட்டக் குறைபாட்டால் வரும் அழற்சியாக இருக்கும். தெரிந்தவர் பார்த்தால் வேண்டாத மருந்து நிற்கும்.

ஆனால் நம் வீடுகளில், "பெண்பிள்ளையின் உடம்பைப் படம் எடுப்பதா?" என்று மறுத்துவிடுகிறோம். அந்தத் தயக்கம் நியாயமானது. மறுப்பதால் வரும் கேடு நோயாளிக்குத்தான். ஆகவே மறுக்காமல் நிபந்தனை சொல்வோம். நோயாளியின் சம்மதம் கேட்கட்டும். பெண் செவிலியர் படம் எடுக்கட்டும். பாதித்த இடம் மட்டும் தெரியட்டும். படம் யாருக்குப் போகிறது என்று கேட்போம். நாமும் அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதிருப்போம்.

நம் பங்கும் உண்டு. நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தையும், தொடங்கிய நாளையும் எழுதிக் கொடுப்போம். மாநிறத் தோலில் சிவப்பு கருமையாகவோ ஊதாவாகவோ தெரியலாம். அரிப்பா, வலியா, எரிச்சலா என்பதையும் சொல்வோம்.

படத்துக்கு எல்லை உண்டு. உணர்ச்சியற்ற தேமலைத் தொட்டுப் பார்த்தே அறிய முடியும். புது மருந்துக்குப் பின் காய்ச்சலோடு வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், தோல் உரிதல் கண்டால் அது அவசரம். படத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல், பணியிலுள்ள மருத்துவரை உடனே அழையுங்கள்.

நேரில் போயே தீரவேண்டிய நோயாளிக்கு வாகனச் செலவை அறக்கட்டளை எப்போதும்போல ஏற்கும், இன்ஷா அல்லாஹ். துணைக்குப் பெண் வேண்டுமென்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். எங்கள் பெண் தொண்டர் ஒருவர் வருவார். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அருள்வானாக. வஸ்ஸலாம்.