வண்டின் அழைப்பு



தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று அழைப்பது தமிழ் வழக்கு. பிழைப்பின்பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவருள் பலருக்குச் சொந்த ஊரில் அத்தகைய பிள்ளைகள் பத்தோ இருபதோ இருக்கக்கூடும். விடுமுறையில் செல்லும்போது, மட்டைகளில் விசிறி வடிவில் வெட்டுகள் விழுந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்தை அது துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. பின்னர் அக்குருத்து விரியும்போது, மடித்த காகிதத்தைக் கத்தரித்துப் பிரித்தாற்போல் வெட்டுகள் வரிசையாகத் தோன்றுகின்றன.

அந்தக் காயத்தை நாடி இரண்டாம் பகை வருகிறது. சிவப்புக் கூன்வண்டு காயங்களில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் தண்டினுள் புகுந்து அரிக்கின்றன. புறத்தே பசுமையாய் நின்ற மரம் ஒருநாள் கொண்டை சாய்கிறது. தீங்கை நாம் அறியும் வேளையில் மரம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

மரத்தினுள் மறைந்து வாழும் பகையை மருந்து தெளித்து எட்டுதல் அரிது. ஆதலின், வண்டைத் தேடிச் செல்லாமல் வண்டையே தேடிவரச் செய்யும் வழியை அறிஞர் நாடினர். பூச்சிகள் மணத்தால் ஒன்றையொன்று அழைக்கின்றன. 1959ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் அடால்ஃப் புட்டனான்ட், ஏறக்குறைய 5 லட்சம் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு, பெண் பூச்சி ஆணை அழைக்கும் மணப்பொருளைப் பிரித்தறிந்தார். ஃபெரோமோன் என்னும் பெயர் அவ்வாண்டிலேயே தோன்றியது.

தென்னையின் வண்டுகளிடம் முறை சற்று வேறு. இங்கே அழைப்பது ஆண். அவ்வழைப்பை ஏற்று ஆணும் பெண்ணும் கூடுகின்றன. சிவப்புக் கூன்வண்டின் மணப்பொருள் 1993இலும், காண்டாமிருக வண்டின் மணப்பொருள் 1995இலும் கண்டறியப்பட்டன. இன்று இரண்டும் செயற்கையாகச் செய்யப்பட்டுச் சிறு உறைகளில் விற்கப்படுகின்றன. 1916இல் சென்னை மாகாண அரசு காசர்கோட்டில் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமே, இன்று மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து, இம்முறையை உழவர்க்குக் கற்பித்து வருகிறது.

கூன்வண்டுக்கான பொறி எளியது. ஒரு பிளாஸ்டிக் வாளியின் மேற்பகுதியில் துளைகள் இடுவர். வண்டு பற்றி ஏறுவதற்குப் புறத்தே சாக்கு சுற்றுவர். மூடியின் உட்புறத்தில் மண உறையைத் தொங்கவிடுவர். வாளியினுள் நீரும், சிறிது பூச்சிமருந்தும், புளித்த கரும்புத் துண்டோ வாழைப்பழமோ இருத்தல் வேண்டும். உணவின் மணமும் சேர்ந்தால்தான் அழைப்பு வலுப்பெறும். இப்பொறியில் சிக்குவனவற்றுள் பெண் வண்டுகளே மிகுதி. ஒரு பெண் வண்டு வீழ்ந்தால் அதன் முட்டைகளும் ஒழிந்தன.

எனினும் இம்முறையில் கருதத்தக்க ஓர் இடர் உண்டு. மணம் வேலியை அறியாது. ஒருவர் மட்டும் பொறி வைத்தால், அண்டைத் தோப்பு வண்டுகளும் அவர் தோப்பை நோக்கி வரும். வந்தவை யாவும் வாளியில் விழுவதில்லை. சில அருகிலுள்ள மரத்தில் அமரும். ஆகவே இளங்கன்றுகளை ஒட்டிப் பொறி வைத்தல் ஆகாது. ஊரார் ஒருங்கே வைத்தலே சிறப்பு.

தொலைவில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலும் மட்கிய மரத்திலும் வளர்கிறது. உரியவர் ஊரில் இல்லாத தோப்பில் பட்டமரம் வெட்டப்படாமல் நிற்கும். எருக்குழி கிளறப்படாமல் கிடக்கும். அங்கே பிறக்கும் வண்டு அயலார் தென்னையை அழிக்கிறது. அவர்கள் எத்தனை பொறி வைத்தாலும் நம் குழி அவற்றை வென்றுவிடும்.

எனவே, தோப்பைப் பார்த்து வருபவரிடம் தேங்காய்க் கணக்கைக் கேட்குமுன் இரண்டு செய்திகளைக் கேளுங்கள்: பட்டமரங்களை அகற்றினாரா? அண்டை வீட்டாரோடு சேர்ந்து பொறி வைத்தாரா? அதற்காகும் செலவை நாம் அனுப்புவதே அயலார்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.