அஞ்சினான் புகலிடம்



உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் தானங்கள் நான்கும் சமண இல்லங்களில் இளமையிலேயே செவிவழி வந்து சேரும் பாடம். முதல் மூன்றையும் பொருளுடையார் எவரும் வழங்கலாம். நான்காவதற்குப் பொருள் மட்டும் போதாது. அஞ்சி வந்தவர் அச்சம் நீங்கி வாழும் நாள் வரையில் அபயதானம் நிறைவுறுவதில்லை.

பழந்தமிழகத்தில் இவ்வறத்திற்கெனத் தனி இடங்களே இருந்தன. அவற்றைக் கல்வெட்டு 'அஞ்சினான் புகலிடம்' என்று குறிக்கிறது. சமணர் அத்தகைய புகலிடங்களைப் பேணிய செய்தியை மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் கடல் கடந்து வந்தபோது அந்த அறம் மீண்டும் தமிழகத்தின் வாயிலில் வந்து நின்றது. போர் நீடித்த ஆண்டுகளில் அலையலையாக வந்தோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். பலர் திரும்பிச் சென்றனர். 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். தமிழக அரசு அரிசியும் மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்கியது. பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறந்தது. 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் ஏதிலியரே ஏதிலியருக்குத் தொண்டு செய்தனர். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறியது. 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன.

உணவும் மருந்தும் கல்வியும் இவ்வாறு கிடைத்தன. நான்காவது தானமே குறையாக நிற்கிறது. முகாமில் பிறந்து, பட்டமும் பெற்ற இளைஞர் பலர் வீடுகளுக்கு வண்ணம் பூசும் கூலிகளாகவே காலம் கழிக்கின்றனர். 1987 ஜூலை 1-க்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தருவதில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. தாய்மொழி பேசும் மண்ணிலேயே பிறந்தும் அயலாராக வாழ்வது அவர்தம் நிலை.

சட்டத்தை மாற்றுவது ஆட்சியாளர் கையில் உள்ளது. அயலாரைச் சுற்றத்தாராக்குவதோ ஊரார் கையில் உள்ளது. அதற்குத் தென்காசிச் சீமையில் ஒரு சான்று உண்டு. வந்தவாசி, ஆரணிப் பகுதிக் குடும்பங்களுக்குக் குற்றாலத்தின் வழியே அறிமுகமான அச்சீமையில் ஆய்க்குடி என்றோர் ஊர். கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சோறிட்டு ஒதுக்கி வைக்கும் இல்லமாக அது அமையவில்லை. பள்ளி, தொழிற்பயிற்சி, மருத்துவம், வேலை என்று அவர்களை ஊரின் நடுவிலேயே நிறுத்தியது. அவருக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரக்கத்திற்குரியவர் என்று எண்ணப்பட்டோரை ஊருக்கு உரியவராக்க இயலும் என்பதற்கு ஆய்க்குடியே சாட்சி.

அதே மாவட்டத்தில், ஆய்க்குடிக்கு வடக்கே, கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உள்ளது. ஆய்க்குடி கற்பித்த பாடம் அத்தகைய முகாம்களுக்கும் உரியது. முகாம்வாசி என்றறிந்தும் வாடகைக்கு வீடு தரும் ஒருவர், கணக்கெழுதத் தெரிந்த பெண்ணுக்குக் கடையில் இடம் தரும் வணிகர், தம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு முகாம்ப் பிள்ளையை அழைக்கும் தாய் ஆகியோர் செய்வதே அபயதானம். அதற்கு அரசாணை தேவையில்லை.

தமிழ்ச் சமணர் சிறுபான்மையினராக நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். அயலார் காட்டும் அன்பின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். முன்னோர் கல்லில் பொறித்த 'அஞ்சினான் புகலிடம்' இனி ஒவ்வொரு இல்லத்தின் வாயிலிலும் அமையட்டும். அஞ்சி வந்தவரின் பேரப்பிள்ளைகளேனும் அச்சமின்றி அவ்வாயில்களைக் கடந்து வரட்டும்.