வகுப்பறையில் ஆவணப்படம்: ‘பாவம்’ என்ற சொல்லுக்கு அப்பால்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பணியாற்றும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துன்பப்படும் மக்களைப் பற்றிய ஆவணப்படங்களை வகுப்பில் எப்படிக் காட்டுவது என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியர். புரொஜெக்டர் கிடைக்கும் நாள்களில் இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பிள்ளைகள் சொல்லும் முதல் சொல் எப்போதும் ஒன்றுதான்: “பாவம் சார்!”

அது நல்ல மனத்திலிருந்து வரும் சொல். அதைக் கண்டிக்கக் கூடாது. ஆனால் பாடம் அந்தச் சொல்லோடு முடிந்துவிட்டால், ஆப்பிரிக்கா என்றால் பசி, சிவகாசி என்றால் குழந்தைத் தொழிலாளர் என்ற ஒற்றைப் படம்தான் பிள்ளையின் மனத்தில் தங்கும். நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது இடுப்பளவுத் தண்ணீரிலும் நிவாரண வரிசையிலும் நின்ற நம் மக்களைப் பலர் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வேறெங்கோ ஒரு வகுப்பறையில் யாரோ “பாவம்” என்று சொல்லியிருப்பார்கள். ஆகவே, நம் பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்ப்பவர்கள் மட்டுமல்லர். படத்தில் இடம்பெறக்கூடியவர்களும் அவர்கள்தாம். அதனால்தான் இதைக் கவனமாகக் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

நான் மூன்று கேள்விகளைப் பயன்படுத்துகிறேன். அவற்றைப் படங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இவர்களுக்கு இந்த நிலை ஏன் வந்தது?

சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ 1990இல் வந்தது. சிவகாசிப் பகுதித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த சிறுவர் சிறுமியரைப் பற்றிய தமிழ் ஆவணப்படம் அது. விடியுமுன் கிராமங்களுக்குத் தொழிற்சாலைப் பேருந்து வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் அது. படத்தைப் பற்றிப் பேசும்போது, “ஏன் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை?” என்று கேளுங்கள். “அப்பா அம்மா அனுப்பவில்லை” என்பதுதான் முதலில் வரும் பதில். அதற்கு மேலும் கேளுங்கள். மழை பொய்க்கும் கரிசல் நிலம், பெரியவர்களுக்குக் கிடைத்த குறைந்த கூலி, வாங்கிய முன்பணம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்.

அதன்பின் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1986இலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிச் சிறப்புப் பள்ளிகள் வந்தன. 1996இல் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனிதர் உண்டாக்கிய துன்பத்தை மனிதரே மாற்ற முடியும் என்பதைப் பிள்ளை இந்த ஆண்டுகளின் வரிசையிலிருந்து தானே புரிந்துகொள்ளும்.

இரண்டாம் கேள்வி: படத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு படங்களைச் சொல்கிறேன். ‘டேக்கிங் ரூட்’ 2008இல் வெளியானது. கென்யாவின் வங்காரி மாத்தாய் பற்றியது. ஓடைகள் வற்றின, விறகு கிடைக்கவில்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, 1977இல் அவர் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் நாற்றங்கால் அமைத்துக் கோடிக்கணக்கில் மரம் வளர்த்தார்கள். 2004இல் வங்காரிக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ‘வார் டான்ஸ்’ 2007இல் வந்தது. உள்நாட்டுப் போரால் வீடிழந்து, வடக்கு உகாண்டாவின் பட்டோங்கோ முகாமில் வாழும் பள்ளிப் பிள்ளைகள், தலைநகர் கம்பாலாவில் நடக்கும் தேசிய இசைப் போட்டிக்குத் தயாராகிறார்கள். இதில் பிள்ளைகள் தாம் கண்ட கொலைகளைத் தாமே சொல்லும் பகுதிகள் உண்டு. ஆகவே ஆசிரியர் முழுவதும் பார்த்த பிறகே, மேல்வகுப்புகளுக்கு மட்டும், பகுதி பகுதியாகக் காட்ட வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு வேண்டாம்.

நம் பக்கத்திலேயே முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ இருக்கிறது. கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய அந்தப் படம் 2023இல் ஆஸ்கர் பெற்றது. பொம்மனும் பெள்ளியும் தாயற்ற யானைக்குட்டிக்குப் பாலூட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு பெள்ளியை யானை பராமரிக்கும் காவடியாக நியமித்தது. அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர்.

இப்படங்களைக் காட்டும்போது நான் பிள்ளைகளை வினைச்சொற்களை மட்டும் எழுதச் சொல்கிறேன். நட்டார்கள், சுமந்தார்கள், கூட்டம் கூடினார்கள், வாதாடினார்கள், பாடினார்கள். பலகையில் இருபது வினைச்சொற்கள் சேர்ந்ததும், “இப்போது இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்” என்பேன். அந்த வரியில் “பாவம்” பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழாசிரியர்களுக்கும் இது பயன்படும் பயிற்சி.

மூன்றாம் கேள்வி: கேமரா யார் கையில் இருக்கிறது?

ஹியூபர்ட் சாப்பர் இயக்கிய ‘டார்வின்ஸ் நைட்மேர்’ 2004இல் வந்தது. தான்சானியாவின் விக்டோரியா ஏரி மீன் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறது, கரையில் வாழ்பவர்களுக்கு மிஞ்சுவது தலையும் முள்ளும் என்று காட்டிய படம். உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. ஆனால் தான்சானியாவில் எதிர்ப்பு எழுந்தது. மீன்தொழிலால் பிழைப்போரை விட்டுவிட்டு நாட்டின் அவலத்தை மட்டும் காட்டிவிட்டதாக அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே குறை கூறினார். யார் சொன்னது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரு தரப்பையும் வகுப்பில் வாதிடச் செய்யலாம்.

‘தேங்க் யூ ஃபார் த ரெயின்’ 2017இல் வந்தது. கென்யாவில் வறட்சி மிகுந்த பகுதியைச் சேர்ந்த உழவர் கிசிலு முஸ்யா. நார்வே இயக்குநர் ஜூலியா டார் அவரைப் படமெடுக்கச் சென்றார். தன் வீட்டையும் நிலத்தையும் கிசிலு தாமே ஒரு கேமராவில் பல ஆண்டுகள் பதிவு செய்தார். மழையில்லாத காலம், பிறகு வீட்டைச் சிதைக்கும் புயல், ஊராரைத் திரட்டி மரம் நடுதல் என்று போகும் அந்தப் பதிவு, 2015 பாரிஸ் காலநிலை மாநாடு வரை அவரைக் கொண்டு சென்றது.

கூரை பறந்த காட்சியைப் பார்த்து ஒரு மாணவி சொன்னாள்: “சார், எங்க வீட்டுலயும் இப்படித்தான். நாங்க முதல்ல மாட்டைத்தான் மேட்டுக்கு ஓட்டினோம். அவரு மாட்டை என்ன செஞ்சாரு?” அந்தக் கேள்வியில் இரக்கம் இல்லாமலில்லை. ஆனால் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை இன்னோர் உழவரிடம் தொழில் விசாரிப்பது போலக் கேட்டாள். நான் எதிர்பார்ப்பதும் அதுதான்.

கடைசியாக ஒரு செயல்திட்டம். கைப்பேசி இல்லாத ஊர் இல்லை. பிள்ளைகள் தம் ஊரின் கதையைத் தாமே பதிவு செய்யட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசியபோது இன்றைய நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பிறந்திருக்கவே மாட்டார்கள். அன்றிரவு எங்கே ஒதுங்கினீர்கள், முதலில் எதைக் காப்பாற்றினீர்கள், மறுநாள் யார் சோறாக்கினார்கள் என்று பாட்டி தாத்தாவிடம் கேட்கட்டும். பாகூர்ப் பிள்ளைகள் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றிக் கேட்கலாம். வில்லியனூர்ப் பிள்ளைகள் ஊசுட்டேரியையும் சங்கராபரணியையும் பற்றிக் கேட்கலாம். ஐந்து நிமிடப் பதிவு போதும்.

விதிகள் மூன்றே. முதலில் அனுமதி கேட்க வேண்டும். அழுகிறவரை நெருங்கிப் படம் பிடிக்கக் கூடாது. முடிந்ததும் அதைப் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கிவிட வேண்டும். பதிவுகள் பள்ளியிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போக வேண்டாம்.

தம் பாட்டியிடம் அனுமதி கேட்டுப் படம் பிடித்த பிள்ளை, நாளை வெள்ளத்தில் நிற்கும் எவரையும் கேட்காமல் படம் பிடிக்காது. தன்னை யாராவது அப்படிப் படம் பிடிக்க வந்தால், “எதுக்கு எடுக்கறீங்க? யாருக்குக் காட்டுவீங்க?” என்று கேட்கவும் தயங்காது. அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குத் தருவோம்.