இரண்டு தராசுகள், ஒரே வானம்

ஒரே மீனை இரண்டு தராசில் நிறுத்தால் சில வேளை எடை மாறும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளப்பதிலும் அதே சிக்கல்தான்.

மிக உச்ச ஆற்றல் கொண்ட கதிர், ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று விழுவதே அரிது. ஆகவே அர்ஜெண்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பியது. அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள 'டெலஸ்கோப் அர்ரே' 507 கருவிகளுடன் சுமார் 700 சதுர கிலோமீட்டரில் தொடங்கியது. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூரின் அளவு அது!

இரு குழுக்களும் கணக்குகளை ஒப்பிட்டன. ஆற்றல் அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு வேறுபாடு. அதைச் சரிசெய்தால் பெரும்பகுதி பொருந்துகிறது. உச்சத்தில் மட்டும் யூட்டாவின் எண்ணிக்கை கூடுதல். இருவருக்கும் பொதுவாகத் தெரியும் வானத்தை மட்டும் எடுத்தால் வேறுபாடு குறைகிறது, முழுதாக மறையவில்லை. குறை கருவியிலா, வடக்கு வானமே வேறா? அதை அறிய ஓஜே ஆய்வகத்தின் தொட்டிகளையே யூட்டாவில் நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

2021 மே 27இல் யூட்டாவில் பதிவான 'அமத்தெராசு' துகள், வெறுமையான வானப்பகுதியிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. காந்தப் புலம் அதை எவ்வளவு வளைத்தது என்பது அதன் ஆற்றலைப் பொறுத்தது. தராசு சரியானால்தான் பிறந்த வீட்டைத் தேட முடியும்.